ஒழுக்கமாகத் தெரியும் ஒரு பயம்

(பரந்தனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடையில் சொல்லக் கூசுகிற ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சத்தி, அதாவது வாந்தி. சத்தி எடுத்துவிடுவேனோ என்ற பயம். பக்கத்தில் இருப்பவர் எடுத்துவிடுவாரோ என்ற பயம். சத்தி எவருக்கும் பிடித்த காரியம் இல்லை. ஓங்காளம் வந்தால் எல்லோரும் முகம் சுளிப்போம். எடுத்து முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு மறந்துபோவோம். சிலரால் அப்படி மறக்க முடிவதில்லை. என்ன சாப்பிடலாம், எந்த பஸ்ஸில் ஏறலாம், யாருக்குப் பக்கத்தில் இருக்கலாம், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போகலாம், பிள்ளை பெறலாமா என்று அவர்களுடைய வாழ்க்கை முழுவதையும் அந்தப் பயமே தீர்மானிக்கிறது. மருத்துவ உலகம் இதை அறியாமல் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாவது நோய்க் கையேடு பயங்களை வகைப்படுத்துகிறது: விலங்குகளுக்குப் பயம், உயரத்துக்குப் பயம், ஊசிக்கும் இரத்தத்துக்கும் பயம். இவற்றுக்குள் அடங்காதவற்றுக்கு உதாரணமாகச் சத்தியையும் தொண்டை அடைப்பதையும் அது சொல்கிறது. ஏறத்தாழ ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது நோய்.

சிறுவயது தொட்டு நான் இதோடு வாழ்கிறேன். படிப்பிக்கிறேன், குடும்பம் நடத்துகிறேன், இந்தப் பரந்தன் சந்தியில் பஸ் ஏறி இறங்குகிறேன். என்னைத் தெரிந்த பலருக்கு இது இன்றுதான் தெரியவருகிறது. இவ்வளவு காலம் எப்படித் தெரியாமல் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் மறைத்தது கொஞ்சம். எங்கள் ஊர்வழக்கம் மறைத்தது அதிகம். எங்களிடத்தில் இந்தப் பயம் நோயாகத் தெரிவதில்லை, நல்ல பழக்கமாகத் தெரிகிறது.

பயம் முழுதாகப் பிடித்திருக்கிற ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்; என்னிடம் அதில் சில இப்போது மாறிவிட்டன. விடிய எழும்பியதும் முதல் வேலை வயிற்றைக் கவனிப்பது. முகம் கழுவுமுன், சாமி கும்பிடுமுன், வயிறு எப்படி இருக்கிறது என்று உள்ளே காது கொடுத்துக் கேட்பது. எல்லோருடைய வயிறும் காலையில் கொஞ்சம் இரையும். அந்த இரைச்சல் எங்களுக்கு ஒரு செய்தி. பிறகு தேத்தண்ணி. பால் விட்டதா, பால் எப்போது காய்ச்சியது என்ற கேள்வி எழுந்தால் வெறுந்தேத்தண்ணிதான். இரவு வைத்த மீன்குழம்பு அடுத்த நாள் காலையில்தான் ருசி என்று வீட்டில் எல்லோரும் புட்டோடு குழைத்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சட்டியைத் திறக்கும்போது நான் குசினியை விட்டு வெளியே நிற்பேன். பிஸ்கட் பெட்டியில் காலாவதித் திகதி பார்ப்பது, முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது, சோறு கையில் ஒட்டும் விதத்தைப் பார்ப்பது. பார்த்து முடிந்தாலும் சந்தேகம் தீராது, திரும்பப் பார்ப்பேன்.

பஸ். பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். ஆனையிறவு, இயக்கச்சி, பளை, கொடிகாமம், சாவகச்சேரி. மற்றவர்களுக்கு அது ஒரு தூக்கம். எங்களுக்கு அது ஒவ்வொரு தரிப்பிடமாகத் தாண்டவேண்டிய தூரம். கதவுக்குப் பக்கத்தில், யன்னல் ஓரத்தில் இருக்கை வேண்டும். கைப்பையில் தேசிக்காய், தோடம்பழ இனிப்பு, நாலாக மடித்த சொப்பிங் பை. அந்தப் பையைப் பயன்படுத்தவேண்டி வருவதே இல்லை. ஆனாலும் அது இல்லாமல் படியில் கால் வைக்க முடியாது. ஏறியதும் ஆட்களைப் பார்ப்பேன். யாருடைய முகம் வெளிறியிருக்கிறது, யார் வாயில் லேஞ்சியை வைத்திருக்கிறார், எந்தத் தாயின் மடியில் சின்னப்பிள்ளை, யாரிடம் சாராய மணம். ஒரு பிள்ளை இருமினால் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கும். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவது என்பது, வேலைக்கான நேர்முகத் தேர்வோ பிள்ளையின் கடவுச்சீட்டோ என்றாலும், பல நாள் உறக்கத்தைக் கெடுத்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். வெறும் வயிற்றோடு வந்து வெயிலில் நிற்கும் பிள்ளைக்குத் தலைசுற்றி வயிற்றைப் பிரட்டும். அந்தப் பிள்ளையின் உதடு வெளுப்பதை மற்ற ஆசிரியர்களுக்கு முன்னமே நான் கண்டுவிடுவேன். எங்களைப் போன்றவர்களுடைய கண் அதற்காகவே பழகிய கண். பிள்ளையின் மேல் இரக்கமும், அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்ற உந்துதலும் ஒரே நொடியில் எழும். அந்த இரண்டுக்கும் நடுவில் கால் மரத்து நிற்கிற வேதனையை வேறு எந்தச் சொல்லால் சொல்வதென்று தெரியவில்லை.

மாலையில் கள்ளுத்தவறணை இருக்கிற வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போவது. அந்தியேட்டி வீட்டுச் சாப்பாட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் காரணம் சொல்லி விலகுவது. இரவுதான் மிகக் கடினம். வீடு அடங்கியபின் வயிற்றின் ஒவ்வொரு அசைவும் பெரிதாகக் கேட்கும். அடுத்த அறையில் யாராவது குளியலறைக் கதவைத் திறந்தால் விழித்துக்கொண்டு, உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டு கிடப்பது.

இப்போது இதே நாளை வெளியிலிருந்து பாருங்கள். கல்யாண வீட்டில் பந்தியில் இருக்காமல் ஒரு சோடாவோடு எழும்பி வருகிற பெண்ணை, "அவ வெளியில வாய் நனைக்கமாட்டா" என்று மரியாதையாகச் சொல்வார்கள். செவ்வாய், வெள்ளி, கந்தசஷ்டி, கேதாரகௌரி என்று எல்லா விரதமும் பிடிக்கிறவளைப் பக்தை என்பார்கள். சட்டி பானையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிற மருமகளைச் சுத்தக்காரி என்பார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு வராத மாணவி அடக்கமான பிள்ளை. கூட்டாளிகளோடு போத்தல் பக்கம் போகாத பொடியன் நல்ல பொடியன். இவை எல்லாமே நல்ல பழக்கங்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் விரும்பி விடுகிறாரா, முடியாமல் விடுகிறாரா என்று நாங்கள் கேட்பதில்லை. விரதகாரர் பாறணைக்குக் காத்திருப்பார், பசியோடு இலையில் இருப்பார். பாறணைச் சோற்றுக்கும் பயப்படுகிற ஒரு பெண் அந்த வீட்டில் இருந்தால், அவள் பிடித்தது விரதம் இல்லை. அவள் மெலிந்து போவதை மாமியார் கவனிக்கிறார், அயலார் கவனிக்கிறார்கள். காரணத்தை எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் காரணம் ஏற்கெனவே புகழாகச் சொல்லப்பட்டுவிட்டது.

சுத்தமும் அப்படித்தான். இந்த ஊரின் பெயர் ஒரு காலத்தில் குளோரினோடு சேர்ந்து நாடெங்கும் அறியப்பட்டது. 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது. குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரினுக்கு ஓர் அளவு உண்டு. குழாயடியில் ஒரு லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால் போதும் என்பார்கள். சுகாதாரப் பரிசோதகர் அளந்து பார்ப்பார், அளவு சரியென்றால் போத்தலை மூடிவைத்துவிட்டுப் போவார். பயம் செய்கிற சுத்தத்துக்கு அந்த அளவு இல்லை. கை கழுவிய பிறகும் போதாது, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை கழுவிய பிறகும் போதாது. மூடிவைக்கிற இடம் வராத சுத்தத்தைக் கண்டால், பாராட்டாமல் பக்கத்தில் போய் இருந்து கதையுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அதை அறிந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூளையின் அடிப்பகுதியில், முகுளத்தில் ஒரு சின்ன இடம் உண்டு. மூளையின் மற்றப் பகுதிகளைக் காக்கிற இரத்தத் தடுப்பு அந்த இடத்தில் தளர்வாக இருக்கிறது. அதனால் இரத்தத்தில் ஓடுகிற நஞ்சை அது நேரடியாக உணர்ந்துகொள்ளும். குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகவும், காதின் சமநிலை உறுப்பிலிருந்தும் செய்திகள் வரும். இவை எல்லாம் சேர்ந்து சத்தி எடுக்கச் சொல்கின்றன. வயலில் எலிக்கு மருந்து வைக்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எலியால் சத்தி எடுக்க முடியாது. அதன் உடலமைப்பில் அந்த வழியே இல்லை. உள்ளே போன மருந்தை அதனால் வெளியே தள்ள முடியாது. எங்களுக்கு அந்த வழி இருக்கிறது. நாங்கள் இவ்வளவு பயப்படுகிற காரியம் எங்களைக் காப்பதற்கென்றே உடம்பில் அமைந்திருக்கிறது.

பயம் செய்வது இன்னொன்று. பயம் வந்ததும் உடம்பு ஓடத் தயாராகிறது. இரத்தம் கைகால் தசைகளுக்குப் போகிறது, இரைப்பை தன் வேலையை மெதுவாக்குகிறது. சாப்பிட்டது அங்கேயே நிற்கும், வயிறு கனக்கும், பிரட்டும். அந்தப் பிரட்டலைச் சத்தியின் அறிகுறி என்று எண்ணிப் பயம் கூடும். கூடிய பயம் வயிற்றை இன்னும் பிரட்டும். பயந்து பயந்து தாங்களே உண்டாக்கிய குமட்டலைத்தான் இந்த நோயாளிகள் நாள்தோறும் சுமக்கிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சத்தி எடுக்கிறவர்களும் இல்லை. பலர் வருடக்கணக்காக, சிலர் சிறுபிள்ளையிலிருந்தே, ஒரு முறைகூட எடுக்காதவர்கள்.

இங்கேதான் எங்கள் வைத்தியம் வழிதவறிப் போகிறது. வயிறு பிரட்டுகிறது, சாப்பிட முடியவில்லை, நெஞ்சு எரிகிறது என்று போனால் எங்கும் கிடைக்கிற பதில் "காஸ்ரிக்". ஒமிப்பிரசோல் தருவார்கள். நோயாளி சொல்வதற்கு ஏற்ற மருந்துதான் அது. பயம் என்ற சொல்லை நோயாளி சொல்லவே இல்லையே. வருடக்கணக்காக விடிய வெறும் வயிற்றில் அந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டிருக்கிறவர்களில் எத்தனை பேருடைய வயிற்றில் உண்மையில் புண் இருக்கிறது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இன்னும் சிலர் பாமசியில் டொம்பெரிடோன் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறுமுன் ஒன்று, கல்யாண வீட்டுக்கு முன் ஒன்று என்று போடுவார்கள். இருதயத் துடிப்பைக் குழப்பும் ஆபத்து இருப்பதால், பெரியவர்கள் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது, வழமையாக ஒரு வாரத்துக்கு மேல் தொடரக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2014இல் கட்டுப்பாடு விதித்தது. பயத்துக்காக அதை நாள்தோறும் விழுங்குவதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

வீடுகளில் வேறு வைத்தியமும் நடக்கும். பிள்ளை வெருண்டுபோயிருக்கிறது என்று திருநீறு போடுவார்கள், நாவூறு கழிப்பார்கள், நூல் கட்டுவார்கள். அந்த அன்பை நான் குறைவாக மதிக்கவில்லை. பெரியம்மா ஒருத்தி நெற்றியில் கை வைத்துத் திருநீறு பூசுகிறபோது கிடைக்கிற ஆறுதல் உண்மையான ஆறுதல். ஆனால் அடுத்த முறை பஸ் ஏறுமுன்னும் அந்த நூலைத் தொட்டுப் பார்த்தால்தான் முடியும் என்று ஆகிவிட்டால், கைப்பையில் இருக்கிற சொப்பிங் பையோடு அதுவும் சேர்ந்துவிடும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அச்சம் அவற்றில் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்றார். இளிவரல் இன்னொன்று, மூப்பும் பிணியும் அதன் பிறப்பிடங்களில் அடங்கும். இந்தப் பயத்தில் அந்த இரண்டும் பிணைந்து நிற்கின்றன. பாம்புக்குப் பயப்படுகிறவர் பாம்பைக் கண்டு அருவருக்கத் தேவையில்லை. எங்களுக்குப் பயத்தோடு அருவருப்பும், அருவருப்போடு வெட்கமும் சேர்ந்து வருகின்றன. நாலு பேர் முன்னால் சத்தி எடுத்தால் என் மானம் போய்விடும் என்ற நினைப்பு, உயிர் போய்விடும் என்ற நினைப்புக்குச் சமமாக நிற்கிறது. பெண்பிள்ளைகளை அடக்கத்தின் பேரால் வளர்க்கிற சமூகத்தில் அந்த வெட்கம் இன்னும் கனமானது. மற்ற நாடுகளிலும் பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. 2001இல் ஜோசுவா லிப்சிற்ஸ் என்ற ஆய்வாளரின் குழு இந்தப் பயம் உள்ள 56 பேரிடம் கேள்விக்கொத்துக் கொடுத்துக் கேட்டது. அவர்களில் 50 பேர் பெண்கள். பயம் தொடங்கிய வயது சராசரியாக ஒன்பது.

ஒன்பது வயது! மூன்றாம் நாலாம் வகுப்புப் பிள்ளை. அந்த வயதில் பயத்தைச் சொல்லச் சொல் கிடையாது. வயிற்றுவலி என்று சொல்லும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழும். "செல்லம் கூடிப்போச்சு" என்று அடி விழும்.

புகழ்பெற்றவர்களுக்கும் இது உண்டு. அமெரிக்கப் பாடகி ஜோன் பயேஸ் 1963 ஓகஸ்டில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில், இலட்சக்கணக்கான மக்கள் முன் பாடியவர். சிறுவயதிலிருந்தே சத்திக்குப் பயந்து வாழ்ந்ததை 1987இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். போரை எதிர்த்துச் சிறை போன ஒரு பெண்ணைக் கோழை என்று எவரும் சொல்லமுடியாது. எங்கள் பிள்ளைகளைப் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லுமுன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பரந்தனில் நின்றுகொண்டு போரைச் சொல்லாமல் பயத்தைப் பேச முடியாது. 2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் இந்தச் சந்தியைக் கடந்து முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போனவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். தறப்பாளுக்குக் கீழே, மலசலகூடம் போதாமல், கிணற்றடியில் வரிசையில் நின்ற காலத்தில் ஒரு பிள்ளை சத்தி எடுத்தால் அது சின்ன விடயம் இல்லை. வயிற்றோட்டமும் சேர்ந்து கண் குழிந்தால், ஜீவனிப் பைக்கற் எங்கே கிடைக்கும் என்று தாய் ஓடவேண்டியிருந்தது. பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் அதே நெருக்கம். அந்த நேரத்துப் பயம் நியாயமான பயம். அது பிள்ளைகளைக் காப்பாற்றியது. ஆபத்து முடிந்த பின்னும் சிலருடைய உடம்பு அந்தக் காவலைக் கைவிடவில்லை.

2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும் இருந்ததாகக் கண்டது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' எழுதிய காலத்திலிருந்தே, எங்கள் மக்களின் மனத்துயரம் உடம்பின் நோவாக வெளிப்படுவதைச் சொல்லிவருகிறார். நெஞ்சடைப்பு, தலையிடி, வயிற்றுப் பிரட்டல் என்று வருகிறவர்களுடைய கதை வேறாக இருக்கும்.

ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லாப் பயத்தையும் போரின் தலையில் கட்டிவிடக்கூடாது. குண்டுச் சத்தமே கேட்காத நாடுகளிலும் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் வருகிறது. போருக்குப் பிறகு பிறந்து, பதுங்குகுழி என்றால் என்னவென்று தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கும் வருகிறது. போரால் வந்தது என்று முடிவு கட்டினால், "எல்லாரும்தான் கஷ்டப்பட்டனாங்கள், உனக்கு மட்டும் என்ன" என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலால் வாய் மூடிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

தாய்மையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கர்ப்பம் தரித்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் மாதங்களில் குமட்டல் வரும். ஏறத்தாழப் பாதிப்பேர் சத்தி எடுப்பார்கள். இந்தப் பயம் உள்ள பெண்ணுக்கு அது தெரியும். கல்யாணம் முடிந்த வீட்டில் மூன்றாம் மாதமே கேள்வி தொடங்கிவிடும். "விசேஷம் ஒன்றும் இல்லையா?" அவள் என்ன சொல்வாள்? சத்திக்குப் பயந்து பிள்ளை வேண்டாம் என்றிருக்கிறேன் என்று எந்த மாமியாரிடம் சொல்ல முடியும்? கணவனுக்கே சொல்லாமல் ஒளித்துக் கருத்தடைக் குளிசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்குப் பிள்ளையில் ஆசை இல்லை என்று எண்ணாதீர்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர்கூட நினைத்து வைத்திருப்பாள். இதைத் தாண்டி வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நாலு மாதத்தில் குமட்டல் அடங்கிவிடுகிறது. வைத்தியசாலையில் அனுமதிக்குமளவு கடுமையான சத்தி வருவது நூற்றில் மூன்று பேருக்கு மேல் இல்லை. அதற்கும் மருத்துவம் உண்டு. கிளினிக்கில் குடும்பநல மாதிடம் முதல் நாளே இந்தப் பயத்தைச் சொன்னால், அந்த மாதங்களைத் தனியே கடக்கவேண்டி வராது. கணவன்மாரே, அவள் சொல்லும்போது சிரிக்காதீர்கள். அவள் உங்களிடம் சொல்லத் துணிந்ததே பெரிய காரியம்.

மாறுமா என்று கேட்பீர்கள். மாறும். முழுவதும் எல்லோருக்கும் மாறும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. லோரி றிடில்-வோக்கர், டேவிட் வீல் முதலியோர் 2016இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இந்தப் பயம் உள்ள 24 பேரை இரண்டாகப் பிரித்து, 12 பேருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பன்னிரண்டு அமர்வுகளில் கொடுத்தார்கள். மற்ற 12 பேர் காத்திருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் ஆறு பேர் தெளிவாகத் தேறினார்கள். காத்திருந்தவர்களில் இரண்டு பேர். சின்னச் சோதனைதான். ஆனால் பல ஆண்டுகளாக எதுவும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்டவர்களில் பாதிப்பேர் மூன்று, நாலு மாதத்தில் தேறக்கூடும் என்பது எனக்குச் சின்னச் செய்தி இல்லை.

சிகிச்சை என்றதும் கட்டாயப்படுத்திச் சத்தி எடுக்கவைப்பார்களோ என்று பயந்து பலர் போவதில்லை. அப்படிச் செய்யத் தேவையில்லை. படிப்படியாகத்தான் போவார்கள். முதலில் அந்தச் சொல்லைத் தாளில் எழுதிப் பார்ப்பது. என் படிகளைச் சொல்கிறேன். சத்தி என்று எழுதிய தாளைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்தேன். பிறகு சத்தம், பிறகு படம். பழைய கஞ்சியில் நறுக்கிய கரட்டும் பருப்பும் கலந்து பேசினில் ஊற்றி, அதன் பக்கத்தில் இருந்து பழகினேன். நாற்காலியில் சுழன்று தலைசுற்றலை வேண்டுமென்றே வரவழைத்து, தலைசுற்றினால் சத்தி வரவேண்டியதில்லை என்பதை உடம்புக்குக் காட்டினேன். பின்னர்தான் கடினமானது தொடங்கியது: கைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவது. தேசிக்காயை விட்டது எளிது. சொப்பிங் பையை விட்ட நாள் ஆனையிறவு வரைக்கும் மூச்சு சீராகவில்லை. இப்போது பஸ்ஸின் நடுவில் இருக்கிறேன். பழைய மீன்குழம்பை இன்னும் தொடவில்லை, அது வரும்.

பழைய நினைவுகள் படமாக எழும்பி வருகிறவர்களுக்கு, அந்த நினைவையே எடுத்து மெதுவாக மாற்றிப் பார்க்கிற முறையும் உண்டு. வீட்டில் யாராவது நஞ்சு குடித்ததைச் சிறுவயதில் கண்ட பிள்ளைக்கு, சத்தி என்றால் அந்த இரவுதான். அதைப் பயிற்சி பெற்றவரோடுதான் செய்யவேண்டும், தனியாக முயலக்கூடாது. சிலருக்குப் பதகளிப்பைக் குறைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து, "அம்மா, எனக்குச் சத்தி வராதுதானே?" என்று கேட்கும். "வராது பிள்ளை" என்பீர்கள். பிள்ளை அடங்கும். அரை மணித்தியாலத்தில் திரும்ப வரும். அடுத்த நாள் கால் மணித்தியாலத்தில் வரும். இந்தப் பயம் கேட்பது உத்தரவாதத்தை. உலகத்தில் எந்தத் தாயாலும் அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது. ஒவ்வொரு முறை தரும்போதும் பிள்ளைக்கு அடுத்த முறையும் அது தேவைப்படும். "வரலாம், வராமலும் விடலாம். வந்தால் கழுவித் துடைப்பம், நான் பக்கத்தில இருப்பன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் கிழமை பிள்ளை அழும். உங்களுக்கும் நெஞ்சு தாங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். அதோடு, பிள்ளைக்காக நீங்களே எல்லாவற்றையும் தவிர்ப்பதையும் நிறுத்துங்கள். பயணத்தைக் கைவிடுவது, வருத்தமாக இருக்கும் தம்பியை அம்மம்மா வீட்டுக்கு அனுப்புவது, தனிச்சட்டியில் சமைப்பது எல்லாம் அன்பால் செய்வதுதான். ஆனால் ஒவ்வொன்றும் பிள்ளைக்கு, "ஆபத்து உண்மைதான்" என்று சொல்லிக்கொடுக்கிறது. ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக, பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையோடு சேர்ந்து.

ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை சத்தி எடுத்தால் எல்லோருடைய கண்ணும் அந்தப் பிள்ளையின் மேல்தான். சற்றுத் திரும்பிப் பாருங்கள். கடைசி வாங்கில் இன்னொரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வெளிறிப்போய் இருக்கும். அடுத்த நாள் அது பள்ளிக்கூடம் வராது. அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்து, ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது? கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். அங்கே போவதற்குக் கூச்சமென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். டொக்டரிடம் போகும்போது வயிறு பிரட்டுகிறது என்று தொடங்காதீர்கள். தொடங்கினால் காஸ்ரிக்கில்தான் முடியும். "எனக்குச் சத்தி இல்லை. சத்திக்குப் பயம். இத்தனை வயதிலிருந்து" என்று சொல்லுங்கள். எதையெல்லாம் சாப்பிடாமல் விட்டேன், எங்கெல்லாம் போகாமல் விட்டேன், என்னென்ன குளிசை கைப்பையில் வைத்திருக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாய் அடைத்துப்போனால் தாளை நீட்டலாம்.

இனிக் கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. எல்லோர் முன்னும் எழும்பிக் கேட்க விருப்பமில்லாதவர்களுக்காக வாசலடி மேசையில் வெற்றுத்தாளும் பேனையும் வைத்திருக்கிறோம். பெயர் எழுதத் தேவையில்லை.